வீசா வாசலும் முதல் வேலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் கற்கும் பிள்ளையின் பெற்றோரிடம் எதிர்கால எண்ணம் யாதெனக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று கணினி, மற்றையது வெளிநாடு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகவே திறன்சார் தொழிலாளருக்கான வீசா எமது சமூகத்தில் கருதப்பட்டு வருகின்றது. அந்த வீசா பற்றிய விவாதம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் சூடுபிடித்து, சட்டங்களும் அடுத்தடுத்து மாற்றப்பட்டுள்ள நிலையில், அதனால் எமது பிள்ளைகளுக்கு ஏற்படக்கூடிய விளைவுகளை நிதானமாக ஆராய்வது அவசியமாகின்றது.

படிப்பை மூலதனமாகக் கொண்டு கடல் கடப்பது குடாநாட்டுக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும் அதனைத் தொடர்ந்து எழுந்த கல்லூரிகளும் ஆங்கிலம் கற்ற தலைமுறைகளை உருவாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களில் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகவும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களாகவும் கடமையாற்றினர். 'மலாயன் பென்சன்காரர்' கட்டிய கல்வீடுகள் இன்றும் எமது கிராமங்களில் உள்ளன. எனினும் அந்த வழி என்றென்றைக்கும் திறந்திருக்கவில்லை. 1957இல் மலாயா சுதந்திரமடைந்ததும் அரச சேவையில் உள்நாட்டவருக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. எமது இளைஞருக்கான வாய்ப்பு அருகியது. பிறருடைய தேவையினால் திறக்கும் கதவு பிறருடைய அரசியலினாலேயே மூடப்படும் என்பது அன்றே நாம் கற்ற பாடமாகும்.

இன்றைய விவாதத்தின் மையத்தில் இருப்பது அமெரிக்காவின் எச்-1பி வீசா. 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட இதற்கு ஆண்டொன்றுக்கு 65,000 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலும் இணையத்தின் எழுச்சியும் ஆட்களுக்கான கேள்வியைப் பெருக்கியபோது, 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 1,15,000 ஆகவும், 2000ஆம் ஆண்டுச் சட்டம் 1,95,000 ஆகவும் உயர்த்தின. இணைய நிறுவனங்கள் சரிந்த பின்னர் 2004ஆம் நிதியாண்டில் வரம்பு மீண்டும் 65,000 ஆகக் குறைந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கென மேலும் 20,000 இடங்கள் அதன் பின்னர் சேர்க்கப்பட்டன. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இவ்வெண் ஏறி இறங்கியதைப் பார்த்தாலே இதன் நிலையாமை விளங்கும்.

இந்த வீசாவுக்குத் தொழிலாளி தானாக விண்ணப்பிக்க முடியாது. அவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் மூன்றாண்டுகள், பின்னர் நீடிப்புடன் பொதுவாக மொத்தம் ஆறு ஆண்டுகள் தங்கலாம். வேலை பறிபோனால் வேறொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள அறுபது நாட்கள் வரையே அவகாசம் உண்டு. 2022இன் இறுதியிலும் 2023இன் தொடக்கத்திலும் மெட்டா 11,000 பேரையும், கூகிள் 12,000 பேரையும், மைக்ரோசொப்ட் 10,000 பேரையும், அமேசன் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தபோது, இந்த அறுபது நாள் விதியின் கொடுமையைப் பல குடும்பங்கள் அனுபவித்தன. வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருக்கையில் இரண்டு மாதங்களில் வேலை தேடு, அல்லது நாட்டைவிட்டு வெளியேறு என்ற நிலை அது.

அமெரிக்கத் தொழிலாளரின் மனக்குறையையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். 2015இல் புளோரிடாவில் ஒரு பெருநிறுவனத்தின் கணினிப் பிரிவு ஊழியர்கள், தமக்குப் பதிலாக வந்த வெளிநாட்டவருக்குத் தாமே பயிற்சியளித்துவிட்டு வேலையை இழந்த செய்தி அந்நாட்டில் பெரும் சினத்தைக் கிளப்பியது. இவ்வீசாவின் பெரும்பகுதியை வெளிப்பணி ஒப்பந்த நிறுவனங்கள் பெற்று, குறைந்த சம்பளத்துக்கு ஆள் அனுப்புகின்றன என்பது விமர்சகர்களின் வாதம். உலகெங்குமுள்ள திறமையை ஈர்த்ததனாலேயே அமெரிக்கத் தொழில்நுட்பத் துறை முன்னணியில் நிற்கின்றது என்பது மறுதரப்பு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கின்றது. வேலை வழங்குநருடன் தொழிலாளியைக் கட்டிப்போடும் வீசா, வந்தவரின் பேரம்பேசும் பலத்தையும் உள்ளூரவரின் சம்பளத்தையும் ஒருங்கே குறைக்க வல்லது.

இடங்களிலும் பார்க்க விண்ணப்பங்கள் மிகையாக இருப்பதால் குலுக்கல் முறையிலேயே தெரிவு நடைபெற்று வந்தது. 2024ஆம் நிதியாண்டுக்கான தகுதியான பதிவுகள் ஏழரை இலட்சத்தையும் தாண்டின. ஒருவருக்காகப் பல நிறுவனங்கள் பதியும் தந்திரமே இதற்கு முக்கிய காரணமெனக் கண்டறியப்பட்டு, ஒருவருக்கு ஒரே வாய்ப்பு என்ற விதி 2024இல் கொண்டுவரப்பட்டது. பதிவுகளும் குறைந்தன. அதன் பின்னர் 2025 செப்டெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணத்தை விதித்தது. அமெரிக்காவில் ஏற்கனவே கல்வி கற்போர் அங்கிருந்தவாறே தமது வீசா நிலையை மாற்றிக்கொள்ளும்போது இக்கட்டணம் இல்லை என அடுத்த மாதம் விளக்கமளிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடியாகச் செல்ல முனைபவருக்கே இச்சுமை விழுகின்றது.

அதே ஆண்டு டிசெம்பரில் வெளியான மற்றொரு விதி எமது கவனத்தை இன்னும் கூடுதலாகப் பெற வேண்டியது. சம்பளத்தை நான்கு நிலைகளாக வகுத்து, மிக உயர்ந்த நிலையில் உள்ளவரின் பெயரைக் குலுக்கலில் நான்கு தடவையும் மிகத் தாழ்ந்த நிலையில் உள்ளவரின் பெயரை ஒரு தடவையும் சேர்க்க அவ்விதி வகைசெய்கின்றது. தொடக்கநிலைப் பட்டதாரி எந்த வரிசையில் நிற்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏனைய நாடுகளும் இதே திசையிலேயே செல்கின்றன. பிரித்தானியாவில் திறன்சார் தொழிலாளர் வீசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. இருபத்தாறு வயதுக்குட்பட்டோர், அங்கு பட்டம் பெற்றோர் போன்றோருக்குக் குறைந்த வரம்பு உண்டெனினும் அதுவும் சிறு தொகையன்று. அங்கு கற்று முடித்தவர்கள் வேலை தேடித் தங்குவதற்கான பட்டதாரி வீசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்படுகின்றது. காணியை ஈடுவைத்து ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதனை நன்கு கருத்திற் கொள்ள வேண்டும். அவுஸ்திரேலியா 2024 டிசெம்பரில் அறிமுகம் செய்த புதிய வீசாவில், ஆண்டுக்கு 1,35,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கெனத் தனிவழி வகுக்கப்பட்டது. கனடா, எச்-1பி வீசா வைத்திருப்போருக்கென 2023 ஜூலையில் 10,000 வேலை அனுமதிகளை அறிவித்தபோது அவை ஏறத்தாழ ஒரே நாளில் முடிந்துபோயின. அதே கனடா 2025 மார்ச்சில், வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு வழங்கிவந்த மேலதிகப் புள்ளிகளை நீக்கியது. அதன் திறன்சார் குடியேற்றத் திட்டத்துக்குக் குறைந்தது ஓராண்டுத் தொழில் அனுபவம் கட்டாயம்.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நோக்கினால் ஓர் உண்மை துலங்குகின்றது. மேற்கு நாடுகள் கதவை முற்றாக மூடிவிடவில்லை. அனுபவமும் உயர்ந்த சம்பளமும் உள்ளவருக்கு அது இன்னும் திறந்தே இருக்கின்றது. பட்டச் சான்றிதழை மட்டும் கையில் வைத்திருக்கும் புதியவருக்கே அது ஒடுங்கி வருகின்றது. ஆகவே ஒரு தொழில்நுட்ப இளைஞனின் அல்லது யுவதியின் முதல் நான்கைந்து ஆண்டுகள் இனிப் பெரும்பாலும் உள்நாட்டிலேயே கழிய வேண்டியிருக்கும். அந்த ஆண்டுகளை அவர்கள் எங்கே, எத்தகைய வேலையில் கழிக்கப் போகின்றார்கள் என்பதே எம்முன் உள்ள கேள்வி.

கற்பிக்கும் இடங்களைப் பொறுத்தவரை நிலைமை முன்னரிலும் மேம்பட்டுள்ளது. 1974இல் தோற்றம் பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை உண்டு. போருக்குப் பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் அமைந்தன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் கைகொடுத்து வருகின்றது. போர் முடிந்த சில ஆண்டுகளில் தொடங்கப்பட்ட 'யாழ் ஐரி ஹப்' அமைப்பு, புத்தாக்கப் போட்டிகள் மூலம் மாணவர்களையும் புலம்பெயர்ந்த நிபுணர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. மின்சாரமும் தொலைபேசியும் இன்றி மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஒரு தலைமுறையைக் கண்ட மண்ணில் இவை சிறிய சாதனைகள் அல்ல.

ஆயினும் படிப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலுள்ள படி இங்கு உடைந்து கிடக்கின்றது. குடாநாட்டில் உள்ள மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் சிறியவை. புதியவரைப் பயிற்றுவிக்கும் செலவைத் தாங்குவது அவற்றுக்குக் கடினம். பயிற்றுவித்தாலும் அவர் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுவார் என்ற அச்சம் வேறு. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றமை அந்த அச்சத்தை மெய்ப்பித்தது. போதாக்குறைக்கு, தொடக்கநிலை ஊழியருக்கு வழமையாகக் கொடுக்கப்படும் சிறு நிரல்களை எழுதுதல், பரிசோதித்தல் போன்ற பணிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கியுள்ளன. வெளிநாட்டு வாசல் ஒடுங்கும் அதே வேளையில் உள்ளூர் முதல்படியும் தேய்கின்றது.

சிறிய ஊரில் இதற்கு வழியில்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2011இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் ஒன்றைத் திறந்தது. உலகச் சந்தைக்கான மென்பொருள் அந்தக் கிராமப்புறச் சூழலிலிருந்தே உருவாக்கப்படுகின்றது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களையே தெரிந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, வேலையில் அமர்த்தும் முறையையும் அந்நிறுவனம் நடத்தி வருகின்றது. ஆள் வேலையைத் தேடிப் போவது மட்டுமன்றி, வேலை ஆளைத் தேடி வருவதும் இயலும் என்பதற்கு இது சான்று.

எமக்குள்ள தனிப் பலம் புலம்பெயர்ந்த உறவுகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பொறியியலாளர்களாகவும் நிறுவன உரிமையாளர்களாகவும் இருப்போர், ஒரு மருமகனுக்கு வீசா எடுக்கச் செலவிடும் பணத்தையும் முயற்சியையும் ஓர் ஒப்பந்த வேலையை இங்கு அனுப்புவதில் செலவிட்டால் ஐந்து பேருக்கு முதல் வேலை கிட்டக்கூடும். நன்கொடையாக அல்லாமல், தரமும் காலக்கெடுவும் பார்த்துக் கூலி கொடுக்கும் வியாபாரமாக அது அமைதல் நன்று. பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுத் தொழிற்பயிற்சியைப் பெயரளவில் விடாது, உண்மையான வாடிக்கையாளரின் வேலையில் மாணவரை ஈடுபடுத்த வேண்டும். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் கொடுக்கும் பயிற்சி அதனோடு சேர வேண்டும். அரசாங்கத்துக்கும் பொறுப்புண்டு. அந்நியச் செலாவணியாக ஈட்டப்படும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம் வரை வரி அறவிடும் அரசு, தலைநகருக்கு வெளியே புதியவரைப் பயிற்றுவிக்கும் சிறு நிறுவனங்களுக்கு அதிலொரு பங்கைச் சலுகையாகத் திருப்பிக் கொடுப்பது நியாயமானதே.

வெளிநாடு செல்வதே தவறு என நாம் வாதிடவில்லை. போகத் துணிந்தவர் சில விடயங்களை அறிந்திருத்தல் நலம். எச்-1பி வீசாவுக்கு, வேலையோடு தொடர்புடைய துறையில் அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு நிகரான தகைமை தேவை. எமது மூன்றாண்டுப் பொதுப் பட்டம் மட்டும் அதற்குப் போதாமற் போகலாம். குறையும் ஒரு கல்வியாண்டுக்கு மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் என்ற கணக்கில் அது ஈடுசெய்யப்படுவதுண்டு. இங்கும் அனுபவமே துணை நிற்கின்றது. நிரந்தர வதிவிட உரிமைக்கான வரிசை பிறந்த நாட்டை வைத்தே கணிக்கப்படுவதால், இந்தியாவில் பிறந்தோர் பல ஆண்டுகள், சில வேளைகளில் பல தசாப்தங்கள் காத்திருக்க நேர்கையில், இலங்கையில் பிறந்தவருக்கு அவ்வளவு நீண்ட காத்திருப்பு இல்லை என்பதும் பலர் அறியாத செய்தி. வேலை வழங்குநர் செலுத்த வேண்டிய வீசாக் கட்டணங்களைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவதை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஆதலால், தொழில்நுட்ப வீசா எடுத்துத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் முகவரைச் சந்தேகத்துடனேயே நோக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டா என விசாரிக்காமல் ஒரு சதமேனும் கொடுத்தலாகாது.

மலாயாவுக்குச் சென்ற எமது முன்னோரைக் காத்தது அவர்கள் கற்ற கல்வி. அந்த வாசல் மூடிய பின்னரும் அக்கல்வி அவர்களோடு இருந்தது. வீசாவின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் வோஷிங்டனும் லண்டனும் ஒட்டாவாவும் தத்தம் தேர்தல் கணக்குகளின்படி தீர்மானிக்கும். அதில் எமக்கு வாக்கு இல்லை. எமது பிள்ளைக்கு முதல் வேலையை இந்த மண்ணில் எவ்வாறு உருவாக்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் எம்மிடமே இருக்கின்றது. அதனைப் பெற்றோரும் பல்கலைக்கழகங்களும் புலம்பெயர் உறவுகளும் காலந்தாழ்த்தாது கையிலெடுப்பார்களாக.