வீட்டு வீடியோ வட்டு: வடிவமும் பதிவு வேகமும்

கணினியில் உள்ள வீடியோ கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது எல்லா டிவிடி பிளேயரிலும் ஓடாது. வட்டுக்குரிய வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். 1993இல் வந்த விசிடி, எம்பெக்-1 முறையில் 74 நிமிடப் படத்தை ஒரு சிடியில் அடக்கியது, தெளிவு குறைவு. டிவிடிக்கு எம்பெக்-2. இந்தியாவின் பால் தொலைக்காட்சி முறையில் சட்டகம் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 720×480. மாற்றிய கோப்புகள் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறைக்குள் அமையும்.

அடுத்தது பதிவு. அதன் வேக எண்ணில்தான் குழப்பம் அதிகம். சிடியின் 1எக்ஸ் நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியின் 1எக்ஸ் ஏறத்தாழ அதன் ஒன்பது மடங்கு. 4.7 ஜிபி வட்டு 1எக்ஸில் நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும்; 8எக்ஸில் எட்டு முதல் பத்து நிமிடம். லேசர், வட்டின் சாய அடுக்கைச் சுட்டுக் குறிகளைப் பதிக்கிறது. வட்டு தாங்கும் வேகத்தை மீறினால் குறிகளின் ஓரம் பிசகி, படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். மிகக் குறைந்த வேகமும் எப்போதும் நல்லதல்ல. 16எக்ஸ் வட்டின் சாயம் விரைவான பதிவுக்கென்றே அமைந்தது. அதற்கு 8எக்ஸ் நம்பகமான நடு வேகம்.

படத்தின் தெளிவு பதிவு வேகத்தில் இல்லை, பிட் வீதத்தில் இருக்கிறது. ஒரு வட்டில் இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் அதில் பாதிதான், வேகமான அசைவுகள் கலங்கித் தெரியும்.