குடவோலையும் காட்டுரிமையும்



காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர் என்னும் ஊர் உளது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அக்காலத்தில் அவ்வூர் 30 குடும்புகளாக, அஃதாவது பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். அவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

ஊர்ப் பொதுச் செல்வத்தை ஊராரே காத்தனர் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் வரலாறு கற்போர் பெருமையோடு நின்றுவிடலாகாது. யாருடைய பெயர்கள் குடத்தில் விழுந்தன என்றும் கேட்டல் வேண்டும். நிலமும், சொந்த மனையும், 35 முதல் 70 வரையான வயதும், மறைக்கல்வியும் உடையோர் பெயர்களே விழுந்தன. ஏரி நீரையே நம்பி வாழ்ந்த பெண்களுக்கும், நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் அங்கே இடமில்லை.

காடுகளின் வரலாற்றிலும் இதே வினா எழுகின்றது. விறகும் தழையும் மேய்ச்சலும் தந்த காடுகளில் கிராமத்தார்க்கு உரிமை உண்டென, 1870-களில் சென்னை அரசின் ரெவினியூ போர்டே வாதிட்டது. எனினும் 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. ஒதுக்குக் காடாக்க எண்ணிய நிலத்தில் உரிமை உடையோர் குறித்த கெடுவுக்குள் அதைத் தெரிவித்தல் வேண்டும் என்றது சட்டம். எழுத்தறியாத ஏழைக்கு அஃது எளிதோ? மக்களின் குறைகளை ஆராய்ந்த வனக் குழுவின் 1913-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னரே, சில காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் முயற்சி தொடங்கிற்று.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களின் உரிமைகளை ஆராயத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. 2012-இல் திருத்திய விதிகளின்படி, உறுப்பினருள் பாதிப்பேராவது அச்சபைக்கு வருதல் வேண்டும்; வந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டும். உத்திரமேரூர் விலக்கி வைத்தவருக்குச் சட்டம் இன்று இருக்கை இட்டுள்ளது.

ஆனால், இருக்கை பெறுதல் வேறு. வாய் திறந்து பேசுதல் வேறு. குடியரசு நாளில் உங்கள் ஊர்க் கிராம சபை கூடும்பொழுது சென்று பாருங்கள். யார் பேசுகின்றார் என்பதோடு, யார் பேசாது நிற்கின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகின்றது.