ஆதர் கிளார்க்கின் மூன்று சிறுகதைகள்: ஒரு தெரிவு

விஞ்ஞானக் கதைகளுள் சிறந்தது எது என்னும் வினா எழுமிடத்து, எக்கதையின் கற்பனை பிற்காலத்தில் மெய்யாயிற்று என்று நோக்கித் தீர்ப்பளிப்போர் பலர். இவ்வளவுகோல் சோதிடரை அளத்தற்குப் பொருந்தலாம்; புலவரை அளத்தற்குப் பொருந்தாது. ஒரு கதையிற் கூறப்பட்ட விஞ்ஞானம் பழமையுற்ற பின்னரும் அக்கதை எழுப்பிய வினா பழமையுறாது நிற்குமாயின், அதுவே சிறந்த கதை எனக் கொள்ளல் தகும். இவ்வுண்மையை ஆராய்தற்கு இலங்கையர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மாளிகாவத்தையிலிருந்து ஒரு மணிநேர நடைக்குட்பட்ட கறுவாத்தோட்டத்திலேயே இத்துறையின் பேராசிரியர் ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தார்.

ஆதர் சி. கிளார்க் 1917இல் இங்கிலாந்திற் பிறந்தவர். பூமியின் சுழற்சியோடு ஒத்தியங்கும் செய்மதிகள் வாயிலாக உலகெங்கும் செய்தி பரப்பலாம் என 1945இல் எழுதியவர். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆந் திகதி கொழும்பிலேயே உயிர்நீத்தார். சைவ மக்கள் அவரை நினைவுகூர்தற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயராற் சிதைக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் கற்றூண்கள் கடலடியிற் கிடத்தலை, அவருடைய நண்பர் மைக் வில்சன் 1956இல் மூழ்கிக் கண்டார். அச்செய்தியைக் கிளார்க் தம் நூலொன்றில் 1957இல் உலகறியச் செய்தார்.

அவர் இயற்றிய சிறுகதைகளுள் மூன்று தலைசிறந்தனவாகப் போற்றப்படுகின்றன. முதலாவது 'காவலன்'. இது 1948இல் பி.பி.சி. நடாத்திய போட்டியொன்றிற்காக எழுதப்பட்டுப் பரிசு பெறாது போயிற்று; 1951இல் அச்சேறிற்று. சந்திரனில் ஆராய்ச்சி செய்வோர், வேற்றுலகத்தார் பன்னெடுங்காலத்துக்கு முன் நிறுவிச் சென்ற பளிங்குக் கூம்பொன்றைக் காண்கின்றனர். அதனை மனிதர் உடைத்ததும் அதன் சமிக்ஞை ஓய்ந்துவிடுகின்றது. அவ்வோய்வே மனிதர் வளர்ந்துவிட்டனர் என்னும் செய்தியாகின்றது. 1968இல் வெளிவந்த புகழ்பெற்ற விண்வெளித் திரைப்படத்தின் வித்து இக்கதையே. எனினும் 1969 தொடக்கம் 1972 வரை சந்திரனில் இறங்கியவர்கள் உயிரின் சுவடெதனையும் ஆங்குக் கண்டிலர். கதையில் வரும் சந்திரத் தாவரங்கள் பொய்த்தன; நம்மை நோக்குவார் உளரோ என்னும் வினா மட்டும் எஞ்சிற்று. அது வியப்பைத் தரும் வினா. நெஞ்சை வருத்தும் வினாவன்று.

இரண்டாவது, 1953இல் வெளிவந்த 'இறைவனின் தொள்ளாயிரங்கோடி நாமங்கள்'. திபெத்திய மடத்துத் துறவியர் இறைவன் திருநாமங்கள் அனைத்தையும் எழுதி முடிப்பதற்கு ஒரு கணினியை வாடகைக்கு அமர்த்துகின்றனர். கையால் எழுதின் பதினையாயிரம் ஆண்டு செல்லும் பணி நூறு நாளில் நிறைவெய்துகின்றது. நாமங்கள் முடிந்தவுடன் உலகின் நோக்கமும் முடிந்ததென, விண்மீன்கள் ஒவ்வொன்றாய் ஓசையின்றி அணைகின்றன. மேனாட்டு வாசகரை இம்முடிவு நடுங்கச் செய்தது. சகஸ்ரநாமம் ஓதிப் பழகிய மரபினர்க்கோ இது வேறுவகையாகத் தோன்றும். ஆயிரம் நாமங்களைச் சொல்லி முடித்தவர் இறைவனைச் சொல்லி முடித்ததாக ஒருகாலும் எண்ணியதில்லை. மேலும், ஒடுக்கத்தின் பின் மீளத் தோற்றம் உண்டென்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆதலின் விண்மீன்கள் அணைதல் இம்மரபினர்க்கு இறுதி முடிவன்று.

மூன்றாவது 'விண்மீன்'. கி.பி. 2500ஆம் ஆண்டைப் பொருளாகக் கொண்டு இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகை நடாத்திய போட்டிக்கு எழுதப்பட்ட இதுவும் பரிசு பெறவில்லை. 1955இல் அச்சாகி, 1956இல் ஹியூகோ விருதினைப் பெற்றது. இயேசு சபைத் துறவியான வானியலறிஞர் ஒருவர், வெடித்துச் சிதறிய உடுவொன்றை ஆராயச் செல்கின்றார். அதன் எல்லைக் கோளிலே, அழிந்துபோன நல்லினத்தார் ஒருவர் தம் கலைச்செல்வங்களைப் பேழையில் வைத்ததுபோலச் சேமித்துச் சென்றிருக்கின்றனர். அவ்வெடிப்பின் காலத்தைக் கணித்த துறவியின் உள்ளம் உடைகின்றது. பெத்லகேமில் இயேசு பிறந்தகாலை வானில் ஒளிர்ந்தது அவ்வினத்தாரை எரித்த தீயே. ஒருசாராரின் மீட்புக்கு அடையாளமாக மற்றொருசாரார் ஏன் எரிக்கப்பட்டனர் என்பதே அவர் வினா.

இந்தியாவிற் குடியேறிய உயிரியலறிஞர் ஹால்டேன், கடவுளைப்பற்றிப் புதியதாக எழுதிய மிகச் சிலருள் கிளார்க் ஒருவர் என்றும், ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாதனவற்றை அவர் எழுதியுள்ளார் என்றும் கூறினார். அக்கூற்று உண்மையே. நாமங்களின் கதையில் இறைவன் திட்டம் நிறைவேறுகின்றது. 'விண்மீன்' கதையில் அத்திட்டத்தின் நீதியே வினாவுக்குள்ளாகின்றது.

2004ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த திருநாளின் மறுநாளாகிய டிசெம்பர் 26ஆந் திகதி, ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை விழுங்கிற்று. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் குழந்தைகளை இழந்த தாயர் கோயில்களிலும் தேவாலயங்களிலும் நின்று அரற்றினர். ஹிக்கடுவையிலிருந்த கிளார்க்கின் சுழியோடும் நிலையமும் அழிந்தது. ஐம்பதாண்டுக்கு முன் அவர் எழுதிய வினா, அவர் தெரிந்துகொண்ட நாட்டின் கரைக்கே வந்து சேர்ந்தது.

வினைப்பயன் என்பது நம் மரபின் விடை. தன் துன்பத்தை ஒருவன் தானே பொறுத்தற்கு அவ்விடை பேராற்றல் தரும். பிறர் துன்பத்தைக் கண்டு நிற்பவன் அதனைக் கூறின், அதே விடை கொடுமையாகவும் மாறலாம். இவ்வேறுபாட்டை உணர்த்துதலே 'விண்மீன்' கதையின் தனிச்சிறப்பு. கதையில் வரும் துறவி விடை கூறவில்லை, தம் நம்பிக்கையைத் துறந்ததாகவும் கூறவில்லை, கணக்கை மறைக்கவுமில்லை. பெத்லகேம் விண்மீன் யாதென வானியலார் இன்னும் ஒருமுடிபு எய்திலர். கோள்களின் சேர்க்கை என்பாரும் உளர். நாளை அதுவே நிலைநாட்டப்படினும் கதை குன்றாது.

ஆகவே மூன்றனுள் முதன்மை 'விண்மீன்' என்னும் கதைக்கே உரியது. போட்டி நடுவர் அதனைக் கைவிட்டமை வியப்பன்று. அவர்கள் எதிர்காலத்தைப்பற்றிய கதையொன்றை வேண்டினர். கிளார்க் அனுப்பியதோ எக்காலத்துக்கும் உரிய துயரொன்றை. பாடசாலை மாணவர்க்கு விஞ்ஞானக் கதையொன்றைக் கற்பிக்க விழைவோர் இதனைத் தெரிவாராக; கணிப்பின் நேர்மையும் இறையன்பும் ஒரே நெஞ்சில் எவ்வளவு நோவோடு குடியிருத்தல் கூடும் என்பதை அவர்கள் அறிவர்.