வக்கீல் கட்டணமும் வழக்குக் கட்டும்



வழக்கு முடிந்த பின்னர்த் தொடங்கும் வழக்கு ஒன்று உண்டு. அது கட்சிக்காரருக்கும் அவருடைய வக்கீலுக்கும் இடையே கட்டணத்தைக் குறித்து எழுவது. ஒருவர், "உழைப்புக்குக் கூலி வரவில்லை" என்பார். மற்றவர், "பேசியதற்கு மேல் கேட்கிறார்" என்பார். இருவர் சொல்லுக்கும் சாட்சி இராது.

சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்துள்ளது குடுபல்லி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் அது. அத்தகைய ஊர்க் குடியானவர் வரப்புத் தகராறு ஒன்றுக்காக நீதிமன்றம் செல்லும்போது, முதலில் கையெழுத்திடுவது வக்காலத்தில். வழக்கை நடத்தும் அதிகாரத்தை அந்தத் தாள் வக்கீலுக்கு வழங்குகிறது. கட்டணப் பேச்சோ பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, எழுதப்படாத இச்சொல்லின் வரலாறு எப்போதும் வியப்பளிப்பது.

பழைய ரோமாபுரியில் வாதாடுவதற்குப் பணமோ பரிசோ பெறலாகாது என்று கி.மு. 204-இல் சட்டம் செய்தனர். அது நடைமுறையில் நிற்கவில்லை. கி.பி. 47-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தி, 10,000 செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு மேல் வாங்கக் கூடாது என வரம்பு கட்டினார். இங்கிலாந்திலோ பாரிஸ்டரின் ஊதியம் மரியாதைக் காணிக்கையாகக் கருதப்பட்டது. காணிக்கையை வழக்காடிப் பெற இயலாது என்பதை அந்நாட்டு நீதிமன்றம் 1863-இல் உறுதிசெய்தது.

நம் நாட்டில் கதை வேறு. வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும், சென்னை ராஜதானியில் 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் வக்கீல்களின் தொழிலை முறைப்படுத்தின. வழக்கின் மதிப்புக்கேற்பக் கட்டண விகிதமும் வகுக்கப்பட்டது. 1846-ஆம் ஆண்டுச் சட்டம், வக்கீலும் கட்சிக்காரரும் தமக்குள் கட்டணம் பேசிக்கொள்ள வழி திறந்தது. பேரம் பிறந்தது, அதனோடு பூசலும் பிறந்தது.

அப்பூசலுக்கு மருந்தாக வந்தது 1879-ஆம் ஆண்டு வழக்குத் தொழிலாளர் சட்டம். அக்காலத்தில் சித்தூர், வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது. பிளீடரோடு செய்துகொள்ளும் கட்டண உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரர் அதில் ஒப்பமிட வேண்டும். 15 நாட்களுக்குள் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இவையே அச்சட்டத்தின் நிபந்தனைகள். உடன்படிக்கை நியாயமானதென்று மெய்ப்பிக்கப்படாவிடில் தொகையைக் குறைக்கவோ, உடன்படிக்கையையே தள்ளவோ நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது.

பின்னர் 1926-இல் கட்டணத்திற்கென்றே தனிச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் தம் கட்டணத்திற்காக வழக்குத் தொடரலாம் என்றும், தம் அசட்டைக்காக அவர் மீதும் வழக்குத் தொடரலாம் என்றும் அது இருபுறமும் நிறைகோலைச் சமன்செய்தது. ஆயினும் எழுத்தும் தாக்கலும் வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இடம்பெறவில்லை. பாமரருக்கு இருந்த காவல் ஒன்று அவ்வாறு நீங்கியது.

சுதந்திரத்திற்குப் பின் இக்காவலை நீதிமன்றங்களே மேற்கொண்டன. வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞருக்குத் தொழில் ஒழுக்கக் கேடு என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் கணவரை இழந்த பெண்மணி ஒருவரின் வழக்கு, தெலங்கானாவிலிருந்து அதே நீதிமன்றத்திற்கு வந்தது. 10 லட்சம் ரூபாய் கொடுத்த பின்னும் மேலும் 3 லட்சத்துக்குத் தம்மிடம் காசோலை வாங்கப்பட்டது என்பது அவர் முறையீடு. நட்டஈட்டில் விகிதம் வைத்துக் கட்டணம் கேட்பது முறையன்று எனக் கூறி, அக்காசோலை பற்றிய வழக்கை நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது.

இவற்றினும் முக்கியமானது போபாலில் எழுந்த வழக்கு. ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர் 1993-இல் விலக்கப்பட்டார். தமக்கு 97,100 ரூபாய் பாக்கி என்று கூறி, வழக்குக் கட்டுகளைத் திருப்பித்தர மறுத்தார். கட்டணம் நிலுவையில் இருந்தாலும் கட்டுகளைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கட்டு இல்லாத கட்சிக்காரர் அடுத்த வாய்தாவுக்கு எவ்வாறு நிற்பார்? பாக்கிக்குப் பரிகாரம் சிவில் வழக்கு; கட்டைப் பிணையாக வைத்துக்கொள்வது தொழில் ஒழுக்கக் கேடு.

வக்கீல்கள் பக்கமும் நியாயம் உண்டு. தீர்ப்பு வரும் வரை தெய்வமாய்த் தொழுது, தீர்ப்பு வந்தபின் தெருவை மாற்றிக்கொண்டு போகும் கட்சிக்காரரும் இருக்கின்றனர். அவர்களிடம் ஏமாறும் இளம் வக்கீலுக்கும் எழுத்தே துணை.

ஆதலின் 1879-ஆம் ஆண்டின் அறிவுரையை நாமே மேற்கொள்ளலாம். கட்டணம் எவ்வளவு, எந்தெந்தப் பணிக்கு, எப்போது தர வேண்டும் என்ற மூன்று செய்திகளையும் கட்சிக்காரர் அறிந்த மொழியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் போதும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நம்பிக்கைக்கு இடும் வேலி அது. வேலி உள்ள வயலில் வரப்புச் சண்டை குறைவு என்பதைக் குடுபல்லிக் குடியானவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.