மாவரைத்தவரின் மின்கணிதம்

1828ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் மின்னியல் பற்றிய ஒரு கணித நூல் வெளியானது. விலை ஏழரை ஷில்லிங். முன்பதிவு செய்தவர்கள் 51 பேர். அவர்களில் பலருக்கு உள்ளே இருந்த கணிதம் பிடிபட்டிருக்க வாய்ப்பில்லை. எழுதிய ஜார்ஜ் கிரீன், தந்தை கட்டிய காற்றாலையில் மாவரைத்துப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் போனது எட்டு வயதில், ஏறக்குறைய ஓராண்டு மட்டுமே.

மின்துகள்களுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் விசை கால்பங்காகும் என்று 1785இல் இயற்பியலாளர் கூலோம் அளந்து காட்டியிருந்தார். ஒரு துகளைச் சுற்றியுள்ள மின்புலமும் அதே கணக்கில்தான் குறைகிறது. துகள்கள் பெருகினால்தான் தலைவலி. ஒவ்வொன்றின் புலத்துக்கும் திசை உண்டு. திசைகளோடு சேர்த்துக் கூட்டி மாளாது.

தன் நூலில் கிரீன் வேறு வழி பிடித்தார். கணிதவியலாளர்கள் லாப்லாஸும் புவாசோனும் கையாண்ட ஒரு சார்பை எடுத்து, அதையே மின்னியலின் நடுத்தூணாக நிறுத்தினார். வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், திசை கிடையாது. துகள் எத்தனை இருந்தாலும் வெறும் கூட்டல் கழித்தல் போதும். இதுவே மின்னழுத்தம். மலையில் உயரம் சட்டென்று மாறும் இடத்தில் சரிவு செங்குத்தாக இருப்பதுபோல, மின்னழுத்தம் வேகமாக இறங்கும் இடத்தில் புலம் வலுவாக இருக்கும்.

இன்றைய அலகில் சொன்னால், ஒரு நானோகூலோம் துகளிலிருந்து 1 மீட்டரில் மின்னழுத்தம் சுமார் 9 வோல்ட். அரை மீட்டரில் 18. புலமோ மீட்டருக்கு 9 வோல்ட்டிலிருந்து 36க்கு ஏறிவிடுகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அளவில் சமமான நேர், எதிர் துகள்களின் நட்டநடுவே மின்னழுத்தம் பூஜ்யம். ஆனால் புலங்கள் ஒரே பக்கம் சேர்ந்து தள்ளும். இரண்டும் நேர்துகள்களாக இருந்தால் நிலைமை தலைகீழ்: புலம் பூஜ்யம், மின்னழுத்தம் பூஜ்யமில்லை. பூஜ்ய மின்னழுத்தம் என்பதால் விசையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே முக்கியம் எண்ணல்ல, அந்த எண் மாறும் வேகம்.

நாற்பது வயதில்தான் கிரீன் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம். 1841இல் காலமானார். நூலைப் பற்றி அதுவரை பேசியவர்கள் மிகச் சிலரே.

பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனுக்கு 1845இன் தொடக்கத்தில் இருபது வயது. அப்போது பாரிஸுக்குக் கிளம்பும் தறுவாயில், ஆசிரியர் ஹாப்கின்ஸிடமிருந்து கிரீனின் நூலின் ஒரு பிரதி அவர் கைக்கு வந்தது. பாரிஸில் லியூவில், ஸ்டூர்ம் ஆகிய கணித மேதைகளிடம் காட்டினார், இருவரும் வியந்துபோனார்கள். தாம்சனின் முயற்சியால் 1850 முதல் ஜெர்மனியின் கிரெல்லே கணித இதழ் அந்நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டது.