தொடாமலே சுழலும் 'ஏர் பேரிங்'... ஸ்டீல் பேரிங்கைவிட இது எதில் சிறந்தது? எங்கே சரிவராது?

தேவாரம் அமைந்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு காற்றுக்குப் பேர் போனது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தேனி மாவட்டக் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றும். அவற்றுக்குள் பல டன் எடையைத் தாங்குவது, உருளைகள் கொண்ட ஸ்டீல் பேரிங். ஆனால், காற்றையே பேரிங்காக வைத்து ஓடும் இயந்திரங்களும் இருக்கின்றன.

ஏர் பேரிங் என்றால் என்ன?

மால்களில் குழந்தைகள் விளையாடும் ஏர் ஹாக்கி மேசையைப் பார்த்திருப்பீர்கள். துளைகள் வழியாக வரும் காற்று வில்லையைத் தூக்கிப் பிடிப்பதால், லேசாகத் தட்டினாலே வழுக்கிக்கொண்டு ஓடும். ஏர் பேரிங்கும் அதே கதைதான். கம்ப்ரசர் காற்று, ஷாஃப்டுக்கும் கூட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். அந்த இடைவெளி பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு.

ஸ்டீல் பேரிங்கில் என்ன குறை?

பட்டறைகளில் 'பால்ரஸ்' என்று சொல்லப்படும் இதில் குண்டுகள் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே உருளும். எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் குண்டில் நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். அது அதிர்வாக மாறும். நாளடைவில் தேய்மானம், சூடு, சத்தம். கிரீஸும் போட்டாக வேண்டும்.

ஏர் பேரிங்கின் பலன்கள்

* ஓடும்போது உலோகம் உரசாததால் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை.
* காற்றுப் படலம் சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்வதால் சுழற்சி துல்லியமாக இருக்கும்.
* நின்ற இடத்திலிருந்து நகரும்போது 'வெடுக்'கென்ற இழுப்பு இல்லை. மைக்ரானுக்கும் குறைவாக நகர்த்தி நிறுத்தலாம்.
* எண்ணெய், கிரீஸ் கசிவு இல்லை.

எங்கே பயன்படுகிறது?

எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகளில் நுண்துளை போடும் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் ஸ்டீல் குண்டுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் அங்கே ஏர் பேரிங்தான். உதிரிபாகங்களை அளவெடுக்கும் சி.எம்.எம். இயந்திரங்களின் கைகளும் கிரானைட் மேடை மீது காற்றில் மிதந்தே நகர்கின்றன.

காற்றாலையில் ஏன் இல்லை?

காரணம் எடை. காற்றழுத்தம் 5 பார் என்றால், 10 செ.மீ. நீள அகலமுள்ள தட்டு கணக்குப்படி 500 கிலோ தாங்க வேண்டும். ஓரங்களில் காற்று கசிவதால் நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஸ்டீல் உருளையோ ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தைத் தாங்கும். திடீர்க் காற்று தரும் குலுக்கலையும் சமாளிக்கும். மெதுவாகச் சுற்றும் காற்றாலைக்கு மைக்ரான் துல்லியமும் தேவையில்லை.

வாங்கும் முன் கவனிக்க

ஏர் பேரிங்குக்குச் சுத்தமான, ஈரமில்லாத காற்று இடைவிடாமல் வேண்டும். ஃபில்டர், ட்ரையர், கம்ப்ரசரின் கரண்ட் பில் எல்லாம் சேர்ந்துதான் செலவு. ஓடும்போது கரண்ட் போய்க் காற்று நின்றால் உலோகம் உரசி, விலை உயர்ந்த ஸ்பிண்டில் ஒரே நொடியில் வீணாகலாம். அதனால் ஸ்பிண்டில் நிற்கும்வரை காற்று கொடுக்க ஒரு சேமிப்புத் தொட்டி அவசியம்.

சுருக்கமாக, வேகமும் துல்லியமும் வேண்டுமா, ஏர் பேரிங். எடையும் குலுக்கலும் தாங்க வேண்டுமா, பால்ரஸ்தான்.