கோலசிலாங்கூர்க் கடலும் கலங்காண் கருவியும்

'கலங்கரை விளக்கம்' என்னும் தொடரில் 'கரைதல்' அழைத்தலைக் குறிக்கும். இரவில் ஓடும் கலங்களைத் துறைநோக்கி அழைக்கும் விளக்கினைப் பெரும்பாணாற்றுப்படை கூறுதல் தமிழாசிரியர் அறிந்ததே. கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றில் 1907-இல் எழுந்த விளக்கும் அத்தொழிலுக்கே அமைந்தது. இன்றோ கலமே கரையை அழைத்துத் தான் நிற்குமிடத்தைக் கூறவேண்டியுளது. இம்மாற்றம் வந்தவாறு ஆராயத்தக்கது.

1960-களின் இடைப்பகுதியில் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இழுவைப் படகுகள் பெருகின. 'புக்காட் துண்டா' என மலாய்மொழியில் வழங்கும் இழுவை வலை கடலடியை வாரிச் செல்வது; விலைபோகாத குஞ்சுகளும் அதில் அகப்படும். கரையோரத்தே சிறுபடகில் வலைவிரித்துப் பிழைத்தோர் மீனை இழந்தனர். பலகால் வலையையும் இழந்தனர். பூசல் மூண்டது. 1964 முதல் 1976 வரை 34 மீனவர் மாண்டனர். இதனைத் தொழிற்போட்டி என்று மட்டும் கூறி அமைதல் தகாது. இறாற்குஞ்சுகள் கண்டற்காட்டையும் ஆற்றுமுகத்தையும் பற்றி வளர்வன. அங்கேயே வாரிவிடின் ஆழத்தில் வலையிழுப்போர்க்கும் அகப்படுவது குறையும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மீன்குழம்பு வைப்போர்க்கும் இது பிறர் கதையன்று.

1981-இல் அரசு உரிமமுறையைத் திருத்திக் கடலை வகுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைல் மரபுவலையினர்க்கு, 5 முதல் 12 வரை 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளுக்கு, பெரியவை அதற்கப்பால். (தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது 3 கடல் மைலே.) இவ்வெல்லைகள் பின்னர்த் திருத்தமும் பெற்றன. ஆயினும், நீரில் வரைந்த கோட்டை இருளில் யார் காண்பர்? ரோந்துப்படகின் வெளிச்சம் தெரிந்ததும் வலையைச் சுருட்டி விலகுதல் எளிது.

இக்குறையை நீக்கவே கருவி வந்தது. 70 டன்னும் அதற்கு மேலுமான ஆழ்கடற் படகுகளில் செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் தெரிவிக்கும் கருவியை மீன்வளத் துறை கட்டாயமாக்கிற்று. ஏனைய இழுவைப் படகுகளுக்கு வானொலி அலையால் இயங்கும் தானியங்கி அடையாளக் கருவி வந்தது. திரையை நோக்குவோர் இடத்தோடு வேகத்தையும் நோக்குவர். வலையிழுக்கும் படகு மணிக்கு 2 முதல் 4 கடல் மைல் அளவே ஊரும். வெறுமனே செல்வது அதனினும் விரைந்தோடும். ஆகவே ஒதுக்கிய நீரில் ஒரு படகு மணிக்கணக்கில் ஊர்ந்து, சென்ற தடத்திலேயே மீண்டும் மீண்டும் வருமாயின், 'வழியே சென்றேன்' என்னும் வாதம் நில்லாது. கருவியை அணைத்துவிடுவாரும் உளர். அணைந்த இடமும் நேரமும் பதிவில் நிற்றலின், அதுவும் ஒருவகைச் சான்றே.

ஆனால், எவர்க்காக அந்த 5 மைல் ஒதுக்கப்பட்டதோ அவருடைய சிறுபடகுகளில் இக்கருவி பெரும்பாலும் இல்லை. எல்லை கடந்த படகு திரையில் தெரியும். அது அறுத்துச் சென்ற வலை தெரியாது. அதனை இழந்தவரே கரையேறிச் சென்று கூறவேண்டியுளது.